நாலாம் பக்கம்

ஒன்று, ஆறு.
அதில் குழப்பமில்லை, திபிலிசிக்கு அது ஒன்றுதான்.
எந்தத் தவிட்டு நிறமும் ஒத்துவராமல்
கடைசியில் தூரிகை கழுவிய தண்ணீரையே பூசிவிட்டேன்.
அப்படியே இருந்தது.

இரண்டு, தெருநாய்கள். காதில் மஞ்சள் வில்லையோடு
ரொட்டிக்கடை வாசலில்
வேலைக்கு வந்தவர்களைப்போல உட்கார்ந்திருக்கின்றன.
மூன்று, மேட்டின்மேல் அடுக்குமாடிகள்,
ஆகாயத்தில் பாலம் போட்டுக்
கைகோத்தபடி.

நாலுக்கு ஜும்பர் குதிரைச் சிலை கேட்டார்.
"குழந்தைகள் காலை எண்ணட்டும்.
சுற்றுலா வருகிறவர்களும் வாங்குவார்கள்."
பதிப்பாளர் கேட்டால் குதிரை வரும்.
வந்தது, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு.

பர்பாலே எதிர்வீடு. ஒன்பதாம் மாடி.
வயதைக் கேட்டால் "மூன்றுக்கு அப்புறம்" என்பாள்.
ஈரம் காயாத தாள்களை என் தரையில் பரப்பி
விரல் வைத்தாள்:
ஒன்று.
இரண்டு.
மூன்று.
ஒரு மூச்சு இழுத்தாள்.
ஐந்து.
குதிரையைத் தாண்டிக்
கந்தகக் குளியல் கூடங்களின் கூரைக்குப் போய்விட்டாள்,
அவை ஐந்தும் கவிழ்த்த கிண்ணங்கள் என்று சிரித்தாள்.

"பர்பாலே, நாலு எங்கே?"

"நாலு எரியாது."

எங்கள் லிஃப்ட் காசு கேட்கும்.
தகரப் பெட்டியில் இருபது தெத்ரி விழுந்தபின்
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும்.
கதவுக்கு மேலே எண்கள் ஒவ்வொன்றாய் எரியும்.
நாலின் பல்பு அவள் பிறப்பதற்கு முன்பே போனது.
பொத்தானை யாரோ சிகரெட்டால் தீய்த்திருந்தார்கள்.
அப்பாவின் தோளில் உட்கார்ந்து
தினம் இரண்டு தடவை
அவள் கடந்தது ஓர் இருட்டை,
அது ஒரு மூச்சளவு.
பதினொரு வருஷமாய் நானும் அதே பெட்டியில்தான் போகிறேன்.
எண்ணத் தெரிந்தவள்,
எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாள் படியில் இறங்கினோம்.
ஐந்துக்குக் கீழே ஒரு மாடி இருக்கத்தான் செய்தது.
புளிப்புப் பிளம்பழம் கொதிக்கும் வாசனை.
கதவுகள்:
பச்சை ரெக்சின் மெத்தை தைத்த ஒன்று,
சைக்கிள் சாய்த்த ஒன்று,
உள்ளே கிளாரினெட் ஒரே இடத்தில் தடுக்கி
மறுபடி மறுபடி எழுந்துகொண்டிருந்த ஒன்று,
பிறகு, ஒருக்களித்திருந்த ஒன்று.

"லிஃப்ட் நிற்காத மாடிக்குக்
கடன்காரன்கூட வரமாட்டான்" என்று
கரண்டியோடு வந்தாள் சியாலா.
அவள் பின்னால் தாச்சி, பர்பாலேயின் உயரம்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததேயில்லை.
ஏறி இறங்கியே வளர்ந்தவன் அவன்,
ஐம்பத்துநாலு வரை தடங்கலில்லாமல் எண்ணுவான்,
அத்தனை படிகள்.

பர்பாலே கதவுகளைத் தொட்டுக்கொண்டே வந்தாள்.
ஒன்று, இரண்டு, மூன்று.
மூச்சு இழுத்தாள்.

"நாலு" என்றான் தாச்சி,
கீழே கிடந்ததை எடுத்துத் தருகிறவன்போல.

குதிரையை உருவி எடுத்தேன்.
தாள் முழுக்கக் கறுப்பு அடித்து
அடியில் நாலு கோடுகள் மட்டும் விட்டேன்,
கதவிடுக்கில் கசியும் மஞ்சள்.
ஜும்பர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இதில் ஊர் எங்கே?
நாலு பேர் என்ன சொல்வார்கள்?"
நாலு வீட்டிலும் காட்டியாகிவிட்டது என்றேன்.
சியாலா மட்டும்
தன் கதவுக்குக் கொஞ்சம் பச்சை கேட்கிறாள்.

ஏழாம் பக்கம் இன்னும் காலி.
பால்கனிகளா, சட்டைகள் தொங்கும் கொடியா, தெரியவில்லை.
லிஃப்டையும் யாரும் சரிசெய்யவில்லை.
ஆனால் பெட்டி அந்த இருட்டைக் கடக்கும்போது
பர்பாலே கத்துகிறாள்.
வெளியிலிருந்து கதவில் ஒரு தட்டு.

ஒன்றுதான். நாலு தட்ட
நேரம் போதாது.